துரையின் பேரில்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? அணைக்கட்டில் குளிர் அதிகம் என்றாயே, நான் பின்னி அனுப்பிய மஃப்ளரைக் காதுக்குக் கட்டுகிறாயா, இல்லை அதை வைத்து ஜன்னல் துடைக்கிறாயா?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். நான் அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் உனக்கு டவர் போய்விடுகிறது. கடிதத்துக்கு டவர் வேண்டாம்.

முதலில் பூனைச் செய்தி. வழக்கம்போலக் கீழே பார்லர், மாடியில் பூனைகள். இரண்டு இடத்திலும் முடிதான் பிழைப்பு. போன வாரம் குட்டி கேட்டு ஒரு வக்கீலம்மா வந்தார். சோபாவில் துரை படுத்திருந்த தோரணையைப் பார்த்துவிட்டு, "இது பொம்மையா, மூச்சு விடுதா?" என்று கேட்டார். பெர்ஷியன் பூனையின் குணமே அதுதான் என்றேன். மற்றப் பூனைகள் மாதிரி அலமாரி மேல் தாவாது, திரைச்சீலையில் ஏறாது. கத்தினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. துரைக்குப் பசித்தால் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்து என்னை ஒரு பார்வை பார்ப்பான். அதற்கே நான் அடுப்பை விட்டு ஓட வேண்டும்.

வக்கீலம்மா என்னைக் கூண்டில் ஏற்றி விசாரிக்காத குறைதான். இது நிஜமாகவே பாரசீகத்துப் பூனையா என்றார். நானூறு வருடத்துக்கு முன்னால் வியாபாரிகள் அந்தப் பக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுபோன நீளமுடிப் பூனைகளின் வம்சம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னைவிட அதிகம் படித்திருந்தார். இப்போது ரத்தத்தைச் சோதித்தால் அந்தப் பக்கத்துப் பூனைகளோடு இவற்றுக்குப் பெரிய ஒட்டும் இல்லை உறவும் இல்லையாம். மேற்கத்திய நாட்டுப் பூனைகளோடுதான் சொந்தமாம். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. துரை கொட்டாவி விட்டான்.

போகும்போது, சிறுநீரகச் சோதனை செய்தாயிற்றா என்று கேட்டார். பெர்ஷியன் பூனைகளுக்குப் பரம்பரையாக ஒரு நோய் உண்டு. சிறுநீரகத்தில் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் வந்து மெல்ல மெல்லப் பெருகும். ஒரு காலத்தில் மூன்று பூனைக்கு ஒன்றுக்கு இருந்ததாம். தாய் தகப்பனில் ஒன்றுக்கு இருந்தால் போதும், குட்டிகளில் பாதிக்கு வரும்.

அப்பாவுக்கு வந்ததும் இதேதான் தம்பி. மனிதனுக்கும் பூனைக்கும் நோயின் பெயர்கூட ஒன்றுதான்.

துரைக்கும் அவன் ஜோடி சீமாட்டிக்கும் சோதனை செய்யப் போகிறேன். உனக்கு நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. ஒரு ஸ்கேன், அவ்வளவுதான். வலிக்காது. நான் போன வருடமே எடுத்துவிட்டேன், என் கதையை விடு. இப்போது உன் முறை.

தண்ணீர் நிறையக் குடி.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும், துரையும், துரையின் சீமாட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மஃப்ளர் கழுத்தில்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு அத்தானின் பழைய சட்டை.

இங்கே நீர்மட்டம் நன்றாக இருக்கிறது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை இறங்கிப் போய் அளவுகோலைப் பார்த்துவிட்டு வருகிறேன். மதகு இரண்டில் ஒன்று முனகுகிறது, கிரீஸ் கேட்டு எழுதியிருக்கிறேன். கிரீஸ் வருவதற்குள் எனக்கு ஓய்வுபெறும் வயது வந்துவிடும்.

குடியிருப்புப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறாள். சுவரில் வரைபடம் மாட்ட வேண்டும் என்று என் ஏணியை வாங்கிப் போனாள். இரண்டு வாரம் ஆயிற்று. அவள் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

துரையைப் பற்றி ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். அவன் மூக்கை யார் உள்ளே தள்ளியது? சுவரில் மோதிக்கொண்ட மாதிரி இருக்கிறான். நீ அனுப்பிய படத்தைப் பார்த்த டீச்சர், முறைத்துக்கொண்டே பிறந்திருக்கிறான் என்று சொன்னாள்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. அத்தானுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 1

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏணி இருக்கிறது, மதகு இருக்கிறது, கிரீஸ் இருக்கிறது. நான் கேட்டதைத்தான் காணோம். சரி, நீ கேட்டதற்காவது நான் பதில் சொல்கிறேன்.

துரையின் மூக்கைத் தள்ளியது மனிதர்கள்தான். நூறு வருடத்துக்கு முந்தைய படங்களைப் பார்த்தால் பெர்ஷியன் பூனைக்கு ஒழுங்காக மூக்கு இருக்கிறது. முகம் தட்டையாக இருந்தால் அழகு என்று யாரோ நினைத்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சப்பை மூக்கையே பொறுக்கிப் பொறுக்கி ஜோடி சேர்த்தார்கள். அதனால்தான் இவற்றுக்குக் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கிறது. தினமும் காலையில் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, அப்புறம் வயிற்றுப் பக்கத்திலிருந்து சீவ வேண்டும். ஒருநாள் விட்டால் முடி கம்பளி மாதிரி சிக்குப் போட்டுக்கொள்ளும். அழகைப் பொறுக்கியபோது கூடவே நோயையும் பொறுக்கிவிட்டோம் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

சோதனை முடிவு வந்துவிட்டது. கன்னத்துக்கு உள்ளே பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்தார்கள். துரை டாக்டரின் சட்டைக் கையைக் கடித்து இழுத்தான். சீமாட்டிக்கு ஒன்றும் இல்லை. துரைக்கு இருக்கிறது.

பயப்படாதே. நானும் முதல் நாள் ரொம்பப் பயந்தேன். பரிசோதனைக்கூடத்திலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே நினைவில்லை. கடைக்கு வந்த பெண்ணுக்கு ஒரு புருவத்தை மட்டும் எடுத்துவிட்டு நின்றிருக்கிறேன். அவள் கண்ணாடியைப் பார்த்துக் கத்தியபிறகுதான் சுயநினைவு வந்தது. ஆனால் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கட்டிகள் சின்னவை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், உப்பை அறவே குறைக்க வேண்டும், மாதாமாதம் பிரஷர் பார்க்க வேண்டும். அப்படிக் கவனித்துக்கொண்டால் பல வருடம் ஓட்டலாம், கடைசிவரை ஒன்றுமே ஆகாமலும் போகலாம். அப்பா காலத்தில் முற்றிய பிறகுதான் தெரிந்தது. இப்போது முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

இனி துரையைச் சீமாட்டியோடு விடமாட்டேன். நோய் இருக்கிறது என்று தெரிந்தும் குட்டி எடுப்பவள் பூனை வளர்க்கவே லாயக்கில்லை. அது மட்டும்தான் அவனுக்கு நஷ்டம். மற்றபடி சாப்பிடுகிறான், தூங்குகிறான், சீப்பைக் கண்டால் மல்லாந்து படுக்கிறான். தெரிந்துகொண்டதால் அவன் செத்துவிடவில்லை தம்பி. இதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

ஸ்கேனுக்கு எப்போது போகிறாய்?

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 20

தம்பி,

நலமா? நாங்கள் நலம்.

ஏழு வாரமாகப் பதில் இல்லை. போன் போட்டால் மணி அடித்து அடித்து நிற்கிறது. உன் அலுவலகத்துக்குப் பேசினேன். நன்றாகத்தான் இருக்கிறார், மதகுக்குப் பெயிண்ட் அடிக்கிறார் என்றார்கள். பெயிண்ட் அடிக்கிற கைக்கு இரண்டு வரி எழுத முடியாதா?

என் மேல் கோபமென்றால் திட்டியாவது எழுது. அப்பா பேச்சை எடுக்க வேண்டாம் என்று அவர் போன அன்று நாம் இரண்டு பேரும் முடிவு செய்தோம். நான்தான் அதை உடைத்தேன். உடைத்ததற்கு வருத்தம் இல்லை. ஆனால் நீ பேசாமல் இருப்பதால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அத்தான் விசாரிக்கிறார்.

அக்கா


மே 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கோபம் இல்லை.

உன் மார்ச் கடிதம் வந்த அன்று துரைக்கு இருக்கிறது என்ற வரிவரைக்கும் படித்தேன். பிறகு அதை மடித்து அரிசி டப்பாவுக்கு மேல் வைத்துவிட்டு மதகுக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டேன். இரண்டு மதகையும் அடித்து முடித்து, கைப்பிடிச் சுவருக்கும் அடித்துவிட்டேன். அடிக்க இனி ஒன்றும் பாக்கி இல்லை. அதனால் மீதியை நேற்றுப் படித்தேன்.

நீ அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாய், கூட்டிவந்தாய். உனக்கு வேலை இருந்தது. நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவன். வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற அந்த மெஷினில் போடுவதற்காக அவர் கையில் ரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருந்தார்களே, அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ஒரு ஈ அடைபட்டுப் பறக்கிற மாதிரி இருக்கும். "தொட்டுப் பாருடா" என்று அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். இன்றைக்கும் குளிக்கும்போது என் முழங்கையை நான் பார்ப்பதில்லை. பயமாக இருக்கிறது அக்கா. இதை எழுதுவதற்குத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

பூனையைப் பற்றி இரண்டு கேள்வி. துரை மாதிரி ஒன்றை வாங்க யாராவது ஆசையாக வந்தால், இதற்கு இப்படி ஒரு நோய் இருக்கலாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுவாயா? இல்லை, எதுவும் சொல்லாமல் இது விற்பனைக்கு இல்லை என்று அனுப்பிவிடுவாயா? இரண்டாவது வழிதான் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

டீச்சர் வேறு ஊருக்கு மாறுதல் கேட்கப் போகிறாளாம். ஏணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அன்புடன்,
தம்பி


ஜூன் 15

என் மக்குத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்கப் பார்.

டீச்சர் ஏணியைத் திருப்பிக் கொடுத்தாள் என்ற வரியை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். பஸ் டெப்போவில் எஞ்சின் கழற்றுகிற மனிதர், பொதுவாக எதற்கும் வாய் திறக்கமாட்டார். "உன் தம்பி அந்தப் பொண்ணை வேண்டாம்னு சொல்லிட்டான் போலிருக்கு" என்றார். அவருக்கே புரிந்துவிட்டது. இனி பூனையின் முதுகுக்குப் பின்னால் ஒளியாதே.

உன் கேள்விக்குப் பதில். முன்னாலேயே சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு வாங்குவதும் வாங்காததும் வருகிறவர்கள் பாடு. அவர்களுக்குப் பதிலாக நானே முடிவெடுத்துவிட்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைக்கமாட்டேன்.

இன்னொன்று. பாதிக்குத்தான் வரும் என்று எழுதியிருந்தேன். பாதிக்கு வராது என்பதும் அதே கணக்குதான். நீ வருகிற பாதியில் போய்க் குடித்தனமே நடத்திக்கொண்டிருக்கிறாய், வாடகை வேறு கொடுக்கிறாய். ஒரு ஈயை இத்தனை வருடமாகக் கைக்குள் வைத்துக் காப்பாற்றுகிறாய். அது உன் கையில் இருக்கிறதா என்றாவது பார்த்துவிடு.

எனக்கும் அத்தானுக்கும் பிள்ளை இல்லை. எங்களுக்கென்று மிச்சம் இருப்பவன் நீ ஒருவன். பயமாக இருக்கிறது என்று எழுதினாயே. எனக்கும் பயம்தான். பயத்தோடேயே போய்விட்டு வா. அதற்கென்று தனியாகத் தைரியம் வரும் என்று காத்திருந்தால் தலை நரைத்துவிடும்.

டீச்சரிடம் உள்ளதைச் சொல்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே கொஞ்சம் நலம்.

சொல்லிவிட்டேன். ஏணியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வேறு என்ன சாக்கு வைத்துக்கொண்டு போவது? பிள்ளைகள் எல்லாம் போன பிறகு டீச்சர் மட்டும் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பற்றிச் சொன்னேன், பாதிக் கணக்கைச் சொன்னேன். அவளை வேண்டாம் என்று சொன்னது அவள் நல்லதுக்குத்தான் என்றும் சொன்னேன். பெரிய தியாகி மாதிரி நின்றேன்.

அவள் துடைப்பதை நிறுத்தவே இல்லை. "ஸ்கேன் எடுத்தீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எடுக்காமலேயே என்னை வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க. உங்களுக்கு என்ன இருக்குன்னு தெரியாது, எனக்கு என்ன வேணும்னும் கேக்கல. அப்புறம் இது யாருக்கு நல்லது?" என்றாள். உன் கடிதத்தை அவள் படித்துவிட்டாளோ என்றுகூட நினைத்தேன். பெண்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறீர்களா?

ஆகஸ்ட் கடைசியில் நகரத்து மருத்துவமனையில் நாள் வாங்கியிருக்கிறோம். மழைத் தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகுதான் எனக்கு லீவு. அவளும் வருகிறாள். மாறுதல் மனுவை இன்னும் கொடுக்கவில்லையாம். ஏணி மறுபடியும் அவளிடம்தான் இருக்கிறது.

எல்லாம் சரியாக முடிந்தால் ஒரு குட்டி வேண்டும் என்கிறாள். முறைத்துக்கொண்டே பிறந்ததாக இருக்க வேண்டுமாம். துரையின் குட்டிகள்தான் இனி இல்லையே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். டீச்சருக்கு என் அன்பைச் சொல். அவளைப் பார்க்காமலேயே எனக்குப் பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் கடைசி என்று நீ எழுதியதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. நேற்று ஒரு வாடிக்கையாளருக்குத் தலைக்கு எண்ணெய் வைக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. "போதும்மா, தூக்கம் வருது" என்று அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

நல்லவேளையாகச் சீமாட்டி என்னை உட்காரவிடவில்லை. போன வெள்ளிக்கிழமை பிரசவம். நாலு குட்டி. துணி அலமாரியின் கீழ்த்தட்டை அவளே பார்த்து வைத்திருந்தாள், நான் வாங்கிய புதுக் கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலும் அப்படியே துரையை உரித்து வைத்திருக்கின்றன. அதே சப்பை மூக்கு, அதே பெரிய தலை. கண் திறந்தால் செப்புக்காசு நிறம் வருமென்று அடித்துச் சொல்வேன். ஒன்று இப்போதே முறைக்கிறது, கண்ணைத் திறக்காமலேயே. அது டீச்சருக்கு. மூன்று மாதம் ஆகட்டும், தாயிடமிருந்து பிரித்துத் தருகிறேன். அதற்குள் அவள் சீவக் கற்றுக்கொள்ள வேண்டும். அகலப் பல் சீப்பு முதலில், நெருக்கப் பல் அப்புறம். இழுக்கக் கூடாது, காதுக்குப் பின்னால் மறக்கக் கூடாது. வெயில் காலத்தில் பாவம் தவிக்கும், குளிர்ந்த தரை வேண்டும். உங்கள் அணைக்கட்டுக் குளிர் அதற்குச் சொர்க்கம்.

முடிவு தெரிந்த உடனே கூப்பிடு. நல்லதோ கெட்டதோ, எனக்குத்தான் முதலில்.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னதுதான். ஆனாலும் ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் சுத்தம்.

போனை அத்தான் எடுத்தார். சொன்னேன். அவர் உன்னிடம் சொன்னது கேட்டது. "உங்க அக்கா கட்டில்ல உக்காந்து அழறா, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டார். நானும் மருத்துவமனை வாசலில் நின்று அழுதேன். டீச்சர் பார்க்காத மாதிரி பழம் வாங்கப் போனாள். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மாவிடம் நான் நாலு முறை கேட்டிருப்பேன். "இந்த வயசுல ஒரு கட்டிகூட இல்லைன்னா இனிமே வராது. வீட்டுக்குப் போங்க" என்று துரத்தாத குறையாக அனுப்பினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் முழங்கையைப் பார்த்தேன். சாதாரண முழங்கை அக்கா. கொஞ்சம் அழுக்கு.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். முடியவில்லை.

குட்டியை வளர்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள டீச்சர் உன் கடிதங்களை எல்லாம் பஸ்ஸில் வரிசையாகப் படித்தாள். ஆகஸ்ட் கடிதத்தை முடித்துவிட்டு மறுபடி மார்ச் கடிதத்தை எடுத்தாள். "இனிமே துரையைச் சீமாட்டியோட விடமாட்டேன்னு மார்ச்ல எழுதியிருக்காங்க. பூனைக்குச் சினைக்காலம் ரெண்டு மாசம்தானே? அப்போ இந்தக் குட்டிங்க எப்படி?" என்று கேட்டாள்.

நான் முதலில் சிரித்தேன். துரை கதவைத் திறந்துகொண்டு போயிருப்பான் என்றேன். அப்புறம் எனக்கே சிரிப்பு நின்றுவிட்டது. அப்படி நடந்திருந்தால் நீ தலையில் அடித்துக்கொண்டு எழுதியிருப்பாய். நீயோ பெருமையில் பூரித்துப்போய் எழுதியிருக்கிறாய். டீச்சருக்கு ஒரு குட்டியையும் ஒதுக்கியிருக்கிறாய். நோய் உள்ள பூனையிடம் குட்டி எடுத்து என் வீட்டுக்கு அனுப்புகிறவளா நீ? உன்னை எனக்குத் தெரியும். அப்படியென்றால் துரைக்கு நோய் இல்லை.

மார்ச் கடிதத்தை நானும் மறுபடி படித்தேன். பூனைக்கு மாதாமாதம் யார் பிரஷர் பார்க்கிறார்கள்? பூனைக்கு நோய் என்றால் ஒரு பெண்ணை ஒற்றைப் புருவத்தோடு நிறுத்துகிறவளா நீ? போன வருடமே எடுத்துவிட்டேன், என் கதையை விடு என்று எழுதினாய். நானும் மடையன் மாதிரி விட்டுவிட்டேன். என் பயத்திலேயே இருந்தேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று ஒரு கடிதத்திலாவது நெஞ்சைத் தொட்டுக் கேட்டேனா? சௌக்கியமா என்று எழுதினேன், அது எல்லோரும் எழுதுவது.

இப்போது கேட்கிறேன். துரையின் பேரில் நீ எழுதியதெல்லாம் யாருக்கு அக்கா?

பஸ் பாதி மலை ஏறியிருக்கும். இறங்கி, கீழே போகிற பஸ்ஸைப் பிடித்து மறுபடி மருத்துவமனைக்குப் போனோம். டாக்டரம்மா கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இல்லைன்னு சொன்னேனே" என்றார். அது இல்லை, வேறு ஒரு கேள்வி என்றேன். ஒரு மனிதனுக்கு ஒரு சிறுநீரகம் போதுமாம். மற்றதைக் கொடுத்துவிட்டு மதகு திருப்பலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம், எல்லாம் செய்யலாமாம். கூடப்பிறந்தவர்களுக்குள் பொருந்த நல்ல வாய்ப்பு உண்டாம். என்னிடம் இரண்டு இருக்கின்றன. இரண்டும் சுத்தம். டீச்சரைக் கேட்டுவிட்டேன். கேட்கவே வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டாள்.

உடனே பதில் எழுது. பூனையைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

தம்பி


செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

பூனையைப் பற்றி ஒரு வரிதான் எழுதுவேன், அதை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். துரைக்கு முதல் சோதனையிலேயே ஒன்றும் இல்லை. ஏழு மாதமாக அவன் பேரைக் கெடுத்துவைத்திருந்தேன். நேற்று மடியில் போட்டுச் சீவும்போது மன்னிப்புக் கேட்டேன். மல்லாந்து படுத்தான், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆமாம் தம்பி. எனக்குத்தான். போன வருடமே தெரியும். அந்த ஒற்றைப் புருவக்காரி இன்றைக்கும் என் கடைப் பக்கம் வருவதில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். எனக்கு இருக்கிறது என்று சொல்லியிருந்தால், அப்பாவுக்கு, அக்காவுக்கு, அடுத்தது எனக்கு என்று நீயே வரிசையில் போய் நின்றிருப்பாய். அந்த மலையை விட்டு இறங்கியிருக்கவே மாட்டாய். தெரிந்துகொண்ட பிறகும் நன்றாக வாழலாம் என்று உனக்குக் காட்ட யாராவது ஒருவர் வேண்டியிருந்தது. என்னைக் காட்டினால் நீ பயப்படுவாய். அதனால் துரையைக் காட்டினேன். என் பிரஷரை அவனுக்கு எழுதினேன், என் பத்தியத்தை அவனுக்கு எழுதினேன். எல்லாவற்றையும் சரியாக மறைத்தவள், குட்டிகளைக் கண்டதும் புத்தி கெட்டுப் பெருமையடித்து மாட்டிக்கொண்டேன். இத்தனை வருடம் பூனை வளர்த்த வாய், சும்மா இருக்குமா?

இப்போது உண்மையை மட்டும் எழுதுகிறேன். என் கட்டிகள் சின்னவை. ரத்தச் சோதனை போன வருடம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. பிரஷருக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்படியே போனால் பல வருடத்துக்கு ஒன்றும் தேவைப்படாது, ஒருவேளை எப்போதுமே தேவைப்படாது என்று டாக்டர் சொல்கிறார். மார்ச்சில் நான் எழுதியதில் துரையின் பேர் ஒன்றுதான் பொய்.

உன் கடிதத்தை அத்தான்தான் முதலில் படித்தார். படித்துவிட்டு மாடிக்குப் போனவர் ரொம்ப நேரம் இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் குட்டிகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் போனான் பாரு" என்றார். ஒரு வருடமாக எனக்குத் தெரியாமல் தன்னைச் சோதித்துப் பார்த்து, ரத்தப் பிரிவு பொருந்தாமல் உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருந்திருக்கிறார் மனிதர். அதை நேற்றுத்தான் சொன்னார். நேற்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினோம்.

நீ கொடுக்கிறேன் என்றதை, வேண்டாம், எனக்காக நீ எதற்கு என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்ல இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். மனசு வரவில்லை. நீ சந்தோஷமாகக் கொடுக்கிறாய், நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். ஒன்று என்னுடையது. இடதோ வலதோ நீயே பார்த்து ஒதுக்கு. வேண்டும்போது கேட்கிறேன். அதுவரை அது உன்னிடமே இருக்கட்டும், ஆனால் என் பொருள் என்பது ஞாபகம் இருக்கட்டும். உப்பைக் குறை. வெயிலில் பெயிண்ட் அடிக்காதே. தலைவலிக்கெல்லாம் கண்ட மாத்திரையை விழுங்காதே. டீச்சரிடம் சொல்லிவை, அவள் கண்காணிக்கட்டும். நவம்பரில் குட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு நாங்களே வருகிறோம், என் பொருளை நீ எப்படி வைத்திருக்கிறாய் என்று பார்த்துவிட்டு அப்படியே உங்கள் கல்யாணத்துக்கும் நாள் பார்த்துவிடலாம்.

தண்ணீர் நிறையக் குடி என்று இத்தனை நாள் உனக்காகச் சொன்னேன். இனி எனக்காகக் கேட்கிறேன்.

இன்றைக்குத் தண்ணீர் குடித்தாயா?

உன்
அக்கா